யார் துரத்தினார்கள்?

ஈப்போ போலோ திடலில் வாரந்தோறும் எங்கள் ஓட்டக் குழு கூடும். முதல் வாரம் நான்தான் கடைசி. இனி வருவதில்லை என்று முடிவு செய்தபடி மூச்சிரைக்க வந்தேன். அனைவரும் எனக்காகக் காத்திருந்தார்கள்!

பாட்டியிடம் சொன்னேன். "யாருய்யா துரத்துனா?" என்றார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். விடியுமுன் பெரட்டுக்கு ஓடுவாராம். பிந்தினால் வேலையில்லை, கூலியில்லை. யாரும் காத்திருக்க மாட்டார்களாம். அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடு.

கோலகங்சாரில் பிறந்த ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார். அவர் ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். பாட்டியின் ஓட்டத்தை அளந்தவர் யார்?

அடுத்த வாரம் பாட்டியையும் அழைத்துச் சென்றேன். மெல்ல ஒரு சுற்று நடந்தார். குழுவினர் அனைவரும் காத்திருந்தோம்.