ஐந்து முதல் சுற்றுகள்

கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் ஆடியது ஐந்து தடவை. ஐந்திலும் முதல் சுற்றிலேயே தோல்வி. சென்னைக்காரரான இந்த இடதுகை ஆட்டக்காரரைப் பற்றி இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அப்படி நகர முடியவில்லை.

சிதம்பரத்தில் பொறியியல் படித்தபோது, 2008 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தை விடுதி நண்பர்களோடு விடிய விடியப் பேசித் தீர்த்திருக்கிறோம். நடாலா ஃபெடரரா என்று ஒரு சண்டையே நடந்தது. அந்தப் போட்டியின் முதல் சுற்றில் தோற்ற 64 பேர் யார் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. அந்த இடத்துக்கு வருவதே எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியாது.

பிரதான சுற்றில் மொத்தம் 128 இடங்கள். சுமார் 104 பேருக்குத் தரவரிசைப்படி நேரடியாகக் கிடைக்கும். எட்டு இடங்கள் வைல்டு கார்டு. மிச்சம் 16 இடங்களுக்குத் தகுதிச் சுற்றில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் ஜெயிக்கணும். தரவரிசையோ 52 வாரக் கணக்கு. போன வருஷம் இதே வாரம் எடுத்த புள்ளி இந்த வாரம் உதிர்ந்துவிடும். காயம்பட்டவர்களுக்குக் கொஞ்ச காலச் சலுகை உண்டு. ஐந்து வருஷத்துக்கெல்லாம் கிடையாது.

பிரஜ்னேஷ் இழந்தது ஏறக்குறைய ஐந்து வருஷம். இருபதுகளின் தொடக்கத்தில், முழங்கால்களில் அழுத்த முறிவு. ஒரு டென்னிஸ்காரனுக்கு அது வாழ்க்கையின் நடுப்பகுதியைக் கத்தரித்து எடுத்த மாதிரி.

அதே காலத்தில் என் ரெஸ்யூமேவிலும் ஒரு ஓட்டை விழுந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூரில் தானே புயல் கரையைக் கடந்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் அப்பா வைத்திருந்த முந்திரித் தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. விழுந்த மரத்தை அறுத்து, வேரைத் தோண்டி, புதுக் கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, இரண்டு வருஷம் வீட்டோடு இருந்தேன். பிறகு நேர்காணலுக்குப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான்: "இந்த ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?" முந்திரி நட்டேன் என்றால் சிரித்தார்கள். ஒரு கம்பெனியில் அதோடு பேச்சையே முடித்துக்கொண்டார்கள்.

2018இல் பிரஜ்னேஷ் ஷ்டுட்கார்டில் ஷபோவலோவை வீழ்த்தியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் வயசுக்காரர், 1989இல் பிறந்தவர். அதே வருஷம் ஆசிய விளையாட்டில் வெண்கலம். நவம்பரில் பெங்களூரு சேலஞ்சர் பட்டம். அடுத்த ஜனவரியில், 29 வயதில், ஆஸ்திரேலிய ஓபன் தகுதிச் சுற்றைத் தாண்டி முதல் தடவையாக கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்று.

பொங்கல் சமயம். ஊரில்தான் இருந்தேன். டியாஃபோவிடம் நேர் செட்களில் தோற்றார்.

"தோத்துட்டானா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா, முதல் ரவுண்டு."

"மொத்தம் எத்தினி பேரு?"

"நூத்தி இருபத்தெட்டு."

"நம்ம நாட்டு ஆளுங்க?"

"சிங்கிள்ஸ்ல இவர் மட்டும்தான்."

"அப்புறம் என்னடா?"

மார்ச்சில் இண்டியன் வெல்ஸில் பசிலாஷ்விலியை வென்றார். ஏப்ரலில் தரவரிசையில் 75. அந்த வருஷம் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் ஆடினார். விம்பிள்டனில் ரயோனிச்சிடமும், அமெரிக்க ஓபனில் அந்தத் தடவை இறுதிவரை போன மெட்வெடேவிடமும் தோற்றார். 2020 ஆஸ்திரேலிய ஓபனில் எதிரே இருந்தவர் ஜப்பானின் இடோ. ஜெயித்திருந்தால் அடுத்தது ஜோகோவிச். ஜெயிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு ரொம்ப வலித்தது.

2024 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். அந்த ஐந்து வருஷம் போகாமல் இருந்திருந்தால் எங்கே போயிருப்பார் என்று ஆளாளுக்குக் கணக்குப் போடலாம். எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். பூஜ்யத்திலிருந்து திரும்பி வந்து 75 தொட்டதுதான் கணக்கு. அந்த வெற்று வருஷங்களில் தினமும் காலை எழுந்து, ஆட முடியாத காலை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலைக்கு யாரும் புள்ளி கொடுக்கவில்லை. கன்று பிடித்துவிட்டதா என்று தெரியாமல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை தெரியும்.