பிசானம்

கார்த்திகை மாதம். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. பக்கவாதம் வந்து பத்து நாள் ஆகியிருந்த பெரியப்பாவிடம் இளம் டாக்டர் ஒருவர் தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். 'ஐயா, இது என்ன பருவம்?' பெரியப்பா யோசிக்கவே இல்லை. 'பிசானம்.' டாக்டர் பூஜ்யம் போட்டார்.

சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அறுபது வருஷம் பயிர்வைத்தவர். அவருடைய வருஷத்தில் கார் உண்டு, பிசானம் உண்டு. இலையுதிர்காலம் நமக்கே மொழிபெயர்ப்பு நாவல்கள் மூலம் வந்ததுதான். வாதாடி அந்த ஒரு மார்க்கை வாங்கினேன். 30க்கு 26. ஜெயித்த மாதிரி இருந்தது.

அந்தத் தாளின் மூலம் 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹ்யூவும் வெளியிட்டது. அதில் 'வேர்ல்ட்' என்ற சொல்லின் எழுத்துக்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். எழுத்துக்கு ஒன்றாக ஐந்து மார்க். நம் 'உலகம்' என்பதில் நாலே எழுத்து. அதற்கும் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தாருக்காக இதை இந்தியில் மாற்றியமைத்தவர்கள் (1995இல் வெளியாயிற்று) கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டாமல், கேட்பவரே கண்ணை மூடிக் காட்டினார். நாம் இங்கே சண்டை போட்டுக்கொள்கிற மொழிபெயர்ப்புகளைவிட நேர்மையான மொழிபெயர்ப்பு.

வீட்டுக்கு வந்த அன்று பெரியம்மை இலை போட்டாள். பெரியப்பா வலப்பாதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, 'உப்பு வைக்கலியே' என்றார். உப்பு இடது ஓரத்தில் இருந்தது. அந்தப் பாதியில் ஒரு பருக்கை தொட்டிருக்கவில்லை. பெரியம்மை ஒன்றும் பேசாமல் இலையைத் திருப்பி வைத்தாள். மீதியையும் சாப்பிட்டார்.

கண்ணில் கோளாறில்லை. மூளையின் வலப்புறம் அடிபட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. 26 மார்க்கில் அது தெரியவில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டில் உருவாகி 2015இல் வெளியான சோதனையில் தாள் முழுக்க இதயப் படங்கள். முழுசாக இருப்பவற்றை மட்டும் அடிக்க வேண்டும். இடப்பக்கம் விட்டுப்போனால் உடனே தெரியும். பேச்சு போனவர்கள் பல கேள்விகளுக்கு விரலால் சுட்டினாலே போதும். ஹாங்காங்கில் கான்டனீஸ் பேசுகிறவர்களுக்கு அதைத் தங்கள் பாஷைக்கு ஏற்ப அமைத்துச் சரிபார்த்தும் விட்டார்கள். நானோ அன்றைக்கு ஒரு சொல்லுக்காக மட்டும் வாதாடிவிட்டு வந்தேன்.

மார்கழியில், கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தவர் இடப்பக்கம் சரிந்து தண்ணீரில் விழுந்தார். முழங்கால் ஆழம்தான், தூக்கிவிட்டோம். ஈர வேட்டியோடு நின்று என்னைக் கேட்டார்: 'இந்தப் பக்கம் எப்பம்லே வாய்க்கா வந்தது?'