கண்ணாடியில் தெரிந்த பிடாரி

அன்புள்ள மலருக்கு,

கோலாரிலிருந்து எழுதுகிறேன். தங்கவயலுக்கு நாளைக்குத்தான் போகிறேன். தாத்தா இருந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டைத் தேடுவதற்கு முன்னால், இங்கே கோலாரம்மா கோயிலைப் பார்த்துவிட நினைத்தேன். அரைமணி நேரம் என்று உள்ளே போனவள் மத்தியானம் வரை வெளியே வரவில்லை.

அம்மனை நேருக்கு நேர் பார்க்கக் கூடாதாம், அவ்வளவு உக்கிரம். கண்ணாடியில் தெரிகிற உருவத்தைத்தான் எல்லாரும் கும்பிடுகிறார்கள். இன்னொரு சன்னதியில் சேளம்மா. கன்னடத்தில் சேளு என்றால் தேள். தேள்கடிக்குப் பயந்தவர்கள் வேண்டிக்கொள்ளும் அம்மன். தரையில் உள்ள ஒரு துளைதான் உண்டியல். காசைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்தேன். எங்கேயோ ஆழத்தில் விழுந்த சத்தம்.

சுவரெல்லாம் தமிழ், மலர்! புள்ளி வைக்காத சோழர் காலத்து எழுத்து. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. வெயில் சாய்வாக விழுந்த இடத்தில் 'யாண்டு' என்ற சொல் தெரிந்தது, பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பழகியது. ராஜேந்திர சோழன் காலத்தில், அவனுடைய சேனாபதி உத்தமசோழ பிரம்மமாராயன் பொறுப்பில், செங்கல்லாக இருந்த கோயில் கற்றளியானது, அதாவது கல் கோயிலானது. அப்போது ஊரின் பெயர் குவளாலம், அம்மனின் பெயர் பிடாரியார். முதல் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கோயில் செலவுகளை விரிவாகச் சொல்கிறது. அதில் இலக்கணமும் யாமளம் என்ற தாந்திரிக நூலும் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் பங்கு உண்டு. உக்கிர அம்மன் கோயிலில் இலக்கண வகுப்பு! இவற்றையெல்லாம் லூயிஸ் ரைஸ் 1905இலேயே அச்சிட்டுவிட்டார். ஆனாலும் சுவரில் பார்ப்பது வேறு.

இந்தச் சுவரைப் பார்க்கும்போது, நேற்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் பார்த்த ஆதகூர் நடுகல் நினைவுக்கு வந்தது. அது கி.பி. 949–50ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனைப் பற்றி அதில் இருக்கிறது. கங்கர்கள் தங்களைக் கோலாரின் அதிபதி என்று சொல்லிக்கொண்டவர்கள். ஆனால் கல்லின் மேலே செதுக்கியிருப்பது ஒரு நாயும் பன்றியும். பூதுகனின் வீரன் மணலரன் போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாகக் காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கினான். அது ஒரு பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. நாய்க்குக் கல் நட்டு, நிலம் விட்டு, இந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால் அந்த நாயின் பாவம் அவனைச் சேரும் என்றும் எழுதிவைத்தார்கள்.

பூசை கேட்ட கல் இன்று அருங்காட்சியகத்தில் பூவில்லாமல் நிற்கிறது. கோலாரம்மா கோயிலில் பூசை குறையவில்லை, சுவரைத்தான் யாரும் படிப்பதில்லை. எனக்கு இரண்டுமே வருத்தம். நம் தாத்தா வந்தது தக்கோலத்துக்குப் பக்கத்திலிருந்துதான். நிலத்தடிக்கு இறங்கிய அவருக்கு, முப்பது கிலோமீட்டர் தள்ளி இந்தச் சுவர் இருப்பதை ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழர் இங்கே சுரங்கத்துக்காக வந்தவர்கள் என்று மட்டும்தான் நாமும் கேட்டு வளர்ந்தோம்.

நான் எழுத்துக்கூட்டுவதைப் பார்த்து ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். தங்கவயல் ஆண்டர்சன்பேட்டைக்காரர்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"பிடாரியார்னு போட்டிருக்கும்மா."

"பிடாரியா? எங்க பாட்டி ஊர்ல எல்லைல இருக்குமே!" என்றவர் அந்தச் சொல் மேல் விரலை வைத்தார். எது 'பி', எது 'டா' என்று நான் காட்டினேன்.

நாளைக்குப் பங்காருப்பேட்டையில் தங்கவயலுக்குப் போகும் மாரிகுப்பம் ரயில். அங்கிருந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா