டின்டின் ஊரில் இரண்டு நாள்

பிரஸ்ஸல்ஸ் என்றதும் எல்லாரும் சாக்லேட், வாஃபிள், ஒண்ணுக்குப் போகிற அந்தச் சின்னப் பையன் சிலை என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் காமிக்ஸ் படிக்கிற ஒரு குடும்பத்துக்கு ஐரோப்பாவில் இதைவிட நல்ல ஊர் இல்லை என்பது என் கட்சி. லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். மிடி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் ஒரு கட்டிடத்தின் உச்சியில் டின்டின் தலையும் அவன் நாயின் தலையும் சேர்ந்து சுழன்றுகொண்டிருக்கும். அது லொம்பார் பதிப்பகத்தின் கட்டிடம். நம்மூரில் சினிமா ஹீரோவுக்கு வைக்கிற கட்அவுட்டை இவர்கள் ஒரு காமிக்ஸ் பையனுக்கு நிரந்தரமாகவே வைத்துவிட்டார்கள்.

ஊருக்குள் நடந்தால் சுவரெல்லாம் காமிக்ஸ். 1991ல் தொடங்கிய வேலை இது. இன்றைக்கு ஐம்பதுக்கும் மேலே சுவர்ப் படங்கள். எத்தூவ் தெருவில் டின்டினும் கேப்டன் ஹேடாக்கும் ஒரு வீட்டுச் சுவரில் இரும்புப் படிக்கட்டு வழியாக இறங்கி வருகிறார்கள். நிஜப் படிக்கட்டு என்று நினைத்து என் எட்டு வயசுப் பையன் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் புவாந்தரி தெரு. ஒரே தெருவில் ஒரு பக்கம் லக்கி லூக், பாங்க் கொள்ளையடிக்கிற டால்டன் சகோதரர்கள். இன்னொரு சுவரில் ஆஸ்டெரிக்ஸ், ஓபெலிக்ஸ், மொத்த ஊர் ஜனமும் பாய்ந்து வருகிறது. ஆஸ்டெரிக்ஸை எழுதியதும் லக்கி லூக்கின் நல்ல கதைகளை எழுதியதும் ஒரே ஆள், ரெனே கோசினி. அவரை அந்தத் தெருவில் சேர்த்து வைத்தவர்கள் ரசிகர்களாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு லக்கி லூக் முதலில் தமிழில்தான் பேசினார். அப்பா மதுரையிலிருந்து வரும்போது பெட்டியில் ஊறுகாயோடு முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வரும். முத்து 1972லும் லயன் 1984லும் ஆரம்பித்தவை, இரண்டுமே சிவகாசி. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் 'அணில், ஆடு' தாண்டாத நான், டால்டன் சகோதரர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தக் கவ்பாய் அமெரிக்கக்காரர் என்றுதான் ரொம்ப நாள் நினைப்பு. வரைந்தவர் மொரிஸ் என்கிற பெல்ஜியக்காரர், வருடம் 1946, மூல மொழி பிரெஞ்சு என்பதெல்லாம் காலேஜில் தெரிந்தது. அமெரிக்காவைப் பற்றி ஒரு பெல்ஜியக்காரர் பிரெஞ்சில் செய்த கிண்டலை, சிவகாசித் தமிழில், லண்டனில் உட்கார்ந்து படித்திருக்கிறேன்!

ரசிகனாக ஒன்று சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வராதீர்கள்: சிரிப்புக்கு லக்கி லூக்தான், டின்டின் இல்லை. டின்டினுக்கு அப்பா அம்மா கிடையாது, ஸ்கூல் கிடையாது, பத்திரிகை நிருபர் என்கிறார்கள், ஆனால் உட்கார்ந்து ஒரு செய்தி எழுதி நாம் பார்ப்பதே அபூர்வம். ஹேடாக் வந்து திட்ட ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கதைகளில் ரத்தம் ஓடுகிறது. 2011ல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தில் அந்தத் துரத்தல் காட்சி பிரமாதம், முகங்கள்தான் மெழுகுப் பொம்மை மாதிரி. ஆனால் கோடு என்று வந்தால் ஹெர்ஜேதான். ஒரு கோடு கூடுதல் இல்லை, ஒரு கோடு குறைவில்லை.

அதைப் பார்க்க காமிக்ஸ் அருங்காட்சியகம் போக வேண்டும். கட்டிடமே பார்க்க வேண்டியதுதான். விக்தோர் ஓர்தா 1906ல் ஒரு துணி மொத்த வியாபாரிக்காகக் கட்டியது. கண்ணாடிக் கூரை, வளைந்து போகிற இரும்பு. பாழாய்க் கிடந்ததை மீட்டு 1989ல் காமிக்ஸுக்குக் கொடுத்தார்கள். டின்டின் நிலாவுக்குப் போன சிவப்பு வெள்ளை ராக்கெட்டும் உள்ளே நிற்கிறது. பிள்ளைகள் ஸ்மர்ஃப் பக்கம் ஓடிவிட்டார்கள். நான் ஒரிஜினல் பக்கங்கள் முன்னால் நின்றுவிட்டேன்.

வெளியே வந்ததும் புத்தகக் கடை. அங்கேதான் பதினொரு வயசு மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, இந்த டின்டின் மட்டும் நம்ம வீட்டில ஏன் இல்ல?"

அவள் கையில் 'காங்கோவில் டின்டின்'.

நான் வேண்டுமென்றே வாங்காத புத்தகம் அது. முதலில் 1930-31ல் ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையின் சிறுவர் இணைப்பில் தொடராக வந்தது. ஹெர்ஜேக்கு அப்போது இருபத்து மூன்று வயசு, காங்கோவில் கால் வைத்ததே இல்லை. தடித்த உதடு, உடைந்த மொழி, வெள்ளைக்காரப் பையன் முன்னால் விழுந்து கும்பிடுகிற கறுப்பு மனிதர்கள். 1946ல் வண்ணத்தில் மறுபடி வரைந்தபோது ஒரு திருத்தம் செய்தார்: முதல் பதிப்பில் காங்கோப் பிள்ளைகளுக்கு டின்டின் 'உங்கள் தாய்நாடு பெல்ஜியம்' என்கிற பாடத்தை நடத்துவான், திருத்தியதில் அது கணக்குப் பாடமாகிவிட்டது. முகங்கள் பெரிதாக மாறவில்லை. 2007ல் நம்ம இங்கிலாந்திலேயே புகார் கிளம்பி, சில கடைகளில் அதைப் பெரியவர்கள் அலமாரிக்கு மாற்றினார்கள். அதே வருடம் பெல்ஜியத்தில் வாழ்ந்த ஒரு காங்கோ மாணவர் நீதிமன்றம் போனார். 2012ல் தடை செய்ய முடியாது என்று தீர்ப்பு.

தடை வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் நிறத்தைப் பற்றிய பேச்சை எப்படியும் கேட்கிறவர்கள். ஆறு வயசில் தானாக எடுத்துப் படிக்கிற அலமாரியில் இது இருக்கக் கூடாது. அதற்காக 'அப்படி ஒரு புத்தகமே இல்லை' என்று நடிக்கவும் கூடாது. அவளிடம் சொன்னேன், "நாளைக்கு ஒரு இடத்துக்குப் போறோம். அதப் பார்த்துட்டு வேணும்னா வாங்கலாம்."

அந்த இடம் தெர்வூரென். மோன்கொமெரியிலிருந்து 44ஆம் நம்பர் டிராம். பாதி வழி காட்டுக்குள் போகிறது. டிராமுக்காகவே போகலாம், அவ்வளவு அழகு. கடைசி நிறுத்தத்தில் ஆப்பிரிக்க அருங்காட்சியகம், அரண்மனை மாதிரி. 1885லிருந்து 1908 வரை காங்கோ இரண்டாம் லெயோபோல்ட் ராஜாவின் சொந்தச் சொத்தாக இருந்தது, நாட்டுக்கே இல்லை, அந்த ஒரு ஆளுக்கு. ரப்பர் கணக்கு குறைந்தால் கையை வெட்டினார்கள். 1897ல் இதே தெர்வூரெனில் ஒரு கண்காட்சி நடத்தி 267 காங்கோ மக்களைக் கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக நிறுத்தினார்கள். ஏழு பேர் குளிரிலும் நோயிலும் செத்துப்போனார்கள். அவர்கள் கல்லறை அந்த ஊர் தேவாலயத்தின் பக்கத்தில் இருக்கிறது.

அருங்காட்சியகத்தை ஐந்து வருடம் மூடிவைத்துப் புதுப்பித்து 2018 டிசம்பரில் திறந்தார்கள். வட்ட மண்டபத்தில் 'பெல்ஜியம் காங்கோவுக்கு நாகரிகம் கொண்டுவருகிறது' என்கிற மாதிரித் தங்கநிறச் சிலைகள் இன்னும் நிற்கின்றன. பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்பதால் கழற்ற முடியாது. அதற்கு எதிரில் காங்கோக் கலைஞர் எமே எம்பானே செதுக்கிய பெரிய மரத்தலை. சின்னவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான், சிலைகளை அவன் கண்டுகொள்ளவே இல்லை.

எனக்கு இங்கே முக்கியமானது ஒரு சிலை. சிறுத்தை முகமூடி மாட்டிய ஒரு ஆள், தூங்குகிற மனிதன்மேல் பாயக் குனிந்து நிற்கிறான். 1913ல் போல் விஸேர் என்ற சிற்பி செய்தது. ஹெர்ஜே காங்கோவைப் பார்க்கவில்லை, இதைப் பார்த்தார். டின்டின் கதையில் வருகிற சிறுத்தை மனிதன் நேரே இங்கிருந்து போனவன். இப்போது அதை ஓய்வு கொடுத்த சிலைகளின் அறையில் வைத்திருக்கிறார்கள். ஷேரி சாம்பா 2002ல் வரைந்த ஒரு ஓவியமும் இதே சிலையைப் பற்றியதுதான்: ஆப்பிரிக்கர்கள் கயிறு கட்டி அதை வெளியே இழுக்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் உள்ளே இழுக்கிறார்கள். பளிச்சென்ற நிறம், வாசகங்களோடு, ஒரு காமிக்ஸ் கட்டம் மாதிரியே இருக்கும்.

மகள் ரொம்ப நேரம் பார்த்தாள். "So he just copied it? அவர் யார்கிட்டயும் கேக்கவே இல்லையா?" என்றாள்.

கேட்டார், அடுத்த தடவை. டிராமில் திரும்பும்போது அந்தக் கதையைச் சொன்னேன். 1934ல் ஹெர்ஜே டின்டினை சீனாவுக்கு அனுப்பப் போகிறார் என்று தெரிந்ததும், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எழுதிவிடாதீர்கள் என்று சொல்லி, பிரஸ்ஸல்ஸில் சிற்பம் படித்துக்கொண்டிருந்த சாங் சோங்ரென் என்ற சீன மாணவரை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. சாங் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார், ஊர் நிலவரம் சொன்னார். 'நீலத் தாமரை' கதையில் சுவர்களில் இருக்கிற சீன எழுத்து எல்லாம் நிஜ எழுத்து, அவர் உதவியோடு வந்தது. வெள்ளைக்காரர்கள் சீனர்களைப் பற்றியும், சீனர்கள் வெள்ளைக்காரர்களைப் பற்றியும் நம்புகிற கட்டுக்கதைகளை இரண்டு பையன்கள் சொல்லிச் சிரிக்கிற ஒரு பக்கம் இருக்கிறது. காங்கோ புத்தகத்துக்கும் இதற்கும் இடையே நான்கே வருடம். சாங் ஊர் திரும்பினார், போர் வந்தது, தொடர்பு விட்டுப்போயிற்று. பிறகு ஹெர்ஜே 'திபெத்தில் டின்டின்' எழுதினார். அதில் வில்லனே கிடையாது, பனியில் தொலைந்த சாங் என்கிற நண்பனைத் தேடுகிற கதை மட்டும். நிஜ சாங்கை அவர் மறுபடி பார்த்தது 1981ல், பிரஸ்ஸல்ஸிலேயே. இரண்டு வருடத்தில் ஹெர்ஜே போய்விட்டார்.

நம்ம பக்கம் எப்படி வருகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். 'ஃபாரோவின் சுருட்டுகள்' கதையில் இந்தியா என்றால் மகாராஜா, ஃபக்கீர், யானை, அவ்வளவுதான். டின்டின் மரத்தில் ஊதல் செதுக்கி யானையோடு பேசுகிறான். திபெத் கதையில் டெல்லி வரும். குதுப் மினார், செங்கோட்டை, நடுரோட்டில் படுத்திருக்கிற மாடு. மாடு விஷயத்தில் ஹெர்ஜேயோடு எனக்குச் சண்டை இல்லை, அது உண்மைதானே. அந்த யானை ஊதலை எங்கள் வீட்டில் யாரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். சாங் மாதிரி ஒரு இந்தியர் அவருக்குக் கிடைத்திருந்தால் என்று ஆசையாகத்தான் இருக்கிறது.

லூவென்-லா-நெவ் ஊரில் 2009ல் திறந்த ஹெர்ஜே அருங்காட்சியகமும் இருக்கிறது. கட்டிடம் அபாரம், ஆனால் உள்ளே கோயில் கருவறை மாதிரி அமைதி, எட்டு வயசுக்கு ஆகாது. பெரியவர்கள் மட்டும் போகிற ஒரு நாள் வாய்த்தால் போங்கள். தெர்வூரென் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். பிள்ளைக்குப் பத்து வயசு ஆன பிறகு கூட்டிப்போவது நல்லது.

ரயிலில் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரோமே போட்டுவிட்டேன். பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர், அப்பா ருவாண்டாக்காரர், 1994 இனப்படுகொலையில் கொல்லப்பட்டார். 2013ல் வந்த 'பாபாவுதே' என்கிற பாட்டு, காணாமல்போன அப்பாவைப் பற்றியது, தாளமோ உட்காரவிடாது. சின்னவன் அர்த்தம் தெரியாமல் தலையாட்டிக்கொண்டு, புதிதாக வாங்கிய பிரெஞ்சு லக்கி லூக்கில் டால்டன்களின் உயரத்தை விரலால் அளந்துகொண்டிருந்தான். மகள் காங்கோவையும் வாங்கினாள், நீலத் தாமரையையும் வாங்கினாள். எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டாள். வந்த வரிசையிலேயே படி என்றேன். கால்வாய்ச் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது நாற்பதாவது பக்கத்தில் இருந்தாள், பென்சிலால் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டு.