கங்காரு கோர்ட்டும் சாணிப்பாலும்

'கங்காரு கோர்ட்'டுன்னா ஏதோ ஆஸ்திரேலியாச் சமாசாரம்னு நினைக்கிறோம். இல்லை சார்! 1850-களிலேயே அமெரிக்காவில், டெக்ஸாஸ் பக்கம் புழங்கிய பிரயோகம். சாட்சி, விசாரணையெல்லாம் தாண்டி நேரே தண்டனையில் குதிப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். நம்ம பாஷையில், கட்டப் பஞ்சாயத்து.

எங்க தஞ்சாவூர்ப் பக்கம் கங்காரு இல்லை; கோர்ட் மட்டும் இருந்தது! சேரியிலிருந்து வரும் பண்ணையாள் கொஞ்சம் லேட்டானால் மிராசுதாரே வாதி, அவரே ஜட்ஜ். அப்பீல் கிடையாது. தீர்ப்பு: சவுக்கடி, சாணிப்பால். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவதற்குத்தான் அந்த அழகான பெயர்! பி.சீனிவாசராவ் போன்றவர்கள் சங்கம் கட்டிப் போராடிய பிறகே, 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் 'இரண்டும் கூடாது' என்று எழுத்தில் ஏறியது.

கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டும் அடித்துச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷம். பெரிய மனுஷன்கிட்ட போனா பத்தே நிமிஷம்!" என்கிறார்.

வாஸ்தவம்தான். சாணிப்பாலுக்கும் பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். அவசரத் தீர்ப்பு கேட்கிற எல்லாருமே, சவுக்கின் கைப்பிடி நம்ம பக்கம்தான் இருக்கும்னு நம்புகிறோம்!