எழுத்து வராத வாரங்களில்

தோழர்களே, மூன்று வாரமாக எனக்கு எழுத்து வரவில்லை. கீழ்பென்னாத்தூரில் வீடியோ போடும் தம்பியும் சோர்ந்திருக்கிறான்: “யாருண்ணா பாக்குறாங்க?”

அயோத்திதாசப் பண்டிதரை நினைத்துக்கொண்டேன். 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. சித்த மருத்துவம் பார்த்துக்கொண்டே 1914இல் மறையும்வரை நடத்தினார்.

ஏழு ஆண்டும் உற்சாகம் மட்டுமே எழுத வைத்திருக்காது. வரலாறு, பௌத்தம், அரசியல், மருத்துவம் என எழுதினார். வாசகர்கள் கேட்டதற்கும் பதில் சொன்னார். கேள்வி இருக்கும்வரை எழுத வேலை இருக்கிறது.

எங்கள் காலனி அக்கா ஒருவர் கேட்டார்: “பஞ்சமி நிலத்தை வேற சாதிக்காரங்க வாங்கினா செல்லுமா?” இந்த வாரம் அவருக்காக எழுதுகிறேன். தம்பி அதையே வீடியோ ஆக்குகிறான்.

உங்களிடம் யார், என்ன கேட்டார்கள்? அங்கிருந்து தொடங்குங்கள். ஜெய்பீம்.