கார்டு நிரபராதி

'கேம் திக்குதுப்பா, கிராஃபிக்ஸ் கார்டு மாத்தணும்' என்று பிள்ளை கேட்டால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். நான் திறக்கப் போய், கடைசி நிமிஷத்தில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தேன். வேகம் கூடவேயில்லை. அப்படியென்றால் கார்டு நிரபராதி. ப்ராசஸரோ, கேமை எழுதினவர்களோதான் குற்றவாளி.

எழுதினவர்கள் லட்சணத்துக்கு ஓர் உதாரணம். 2012-ல் பிசிக்கு வந்த 'டார்க் சோல்ஸ்', எத்தனை பெரிய மானிட்டர் வைத்தாலும் உள்ளுக்குள் 1024-க்கு 720 புள்ளிகளில்தான் வரைந்தது. விநாடிக்கு 30 ஃப்ரேம். டுராண்டே என்ற புனைபெயர்க்காரர் வெளியான அன்றே ரெசல்யூஷன் பூட்டை உடைத்தார். பிற்பாடு 60 ஃப்ரேமும் வந்தது. ஆனால், ஏணியில் சறுக்கி இறங்கினால் சில இடங்களில் ஆசாமி தரையைத் துளைத்துக்கொண்டு போய்விடுவான்! கேமின் பௌதிகக் கணக்கெல்லாம் 30-ஐ நம்பிப் போட்டது.

கார்டு பணம் தப்பித்தது. பையன் இப்போது ப்ராசஸர் கேட்கிறான்.